வைக்கோல் உதறும் நேரம்

அம்மாவுக்கு நுரையீரல் நோய் வரும்வரை நானும் அவளும் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. கல்யாணம், துணிக்கடை, ஆஸ்பத்திரி எதுவானாலும் அப்பாவோ சித்தியோ கூட இருப்பார்கள். அல்லது சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்குள் திரும்ப முடியாது என்று அம்மாவே வரமாட்டாள். நோய் வந்த பிறகு, ஒன்பது மாதத்தில் பதினான்கு தடவை இருவரும் கோயம்புத்தூர் போய்வந்தோம். மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு ஓடாமல் நின்று, கூட்டம் இல்லாத வண்டி வரும்வரை காத்திருந்து ஏறுவோம். அந்தப் பதினான்கு பயணங்களும் மறுபடி கிடைத்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. நோயாளியின் மகள் சொல்லக் கூடாத வார்த்தை இது. ஆனாலும் உண்மை.

எங்கள் வீடு பெருமாட்டியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் மாட்டுச்சாளை, அதில் நான்கு கறவை மாடுகள். அப்பாவுக்குத் தென்னந்தோப்புகளில் வேலை. மாடுகள் முழுக்க அம்மாவின் பொறுப்பு. நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அழுத்தமானி, வெப்பமானி, தராசு என்று எது வந்தாலும், அது காட்டும் எண்ணை நம்பலாமா கூடாதா என்று சொல்வதுதான் வேலை. எதையும் வரிசை போட்டு எழுதும் பழக்கம் அங்கே வந்ததா, அதற்கு முன்பே இருந்து அந்த வேலைக்குக் கொண்டுபோய் விட்டதா தெரியாது. மளிகைச் சாமானைக்கூட கடையில் அடுக்கியிருக்கும் வரிசைப்படிதான் எழுதுவேன். அம்மாவுக்கு அதில் சிரிப்பு.

முதல் இரண்டு வருடம் இருமல் ஐப்பசியில் வந்து பங்குனியில் போனது. வறட்டு இருமல், சளி கிடையாது. சாயங்காலமானால் மேலுக்கு லேசாகக் காய்ச்சலும் உடம்பு வலியும். மூன்றாவது வருடம் வந்தது போகவில்லை. கால் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பாதிவழியில் நின்றாள். எடை குறைந்து, ரவிக்கைகளை உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்றார்கள். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். அது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

நான் விரல் நுனியில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிவந்தேன். முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். என் விரலில், அப்பா விரலில், அந்த வாரம் வந்திருந்த சித்தி விரலில் போட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கும் ஒழுங்காகக் காட்டியது. மாட்டின் மடியைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்தால் எண் தாறுமாறாக ஆடும் என்று தெரிந்ததும், கையைத் துடைத்துச் சூடு வரத் தேய்த்த பிறகுதான் அம்மாவுக்கு மாட்டுவேன். காலையில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. நோட்டில் இரண்டு பத்தி.

அந்தச் சமயம் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. சித்தப்பாவுக்கு இடுக்கியில் ஒரு ஏலத்தோட்டத்து ஆபீசில் வேலை. அம்மா பத்து நாள் முன்னதாகவே போய் அங்கே தங்கினாள். நான் தினமும் போன் செய்து எண்ணைக் கேட்டு எழுதினேன். நான்காம் நாளிலிருந்து எண் ஏறியது. காய்ச்சல் இல்லை. கல்யாணத்துக்கு நாங்கள் போனபோது பந்தலுக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த ஏற்றத்தில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் நடந்துவந்தாள். மலைக்காற்றுதான் மருந்து என்று கல்யாண வீடே தீர்ப்புச் சொன்னது. இங்கேயே ஆறு மாசம் கிடக்கட்டும் என்றாள் சித்தி. என் நோட்டிலும் அந்த வாரத்துக்கு எதிரே “காற்று, குளிர்” என்று எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோட்டை இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள் சாயங்காலமே காய்ச்சல். அந்த வாரம்தான் முதல் தடவையாகக் கோயம்புத்தூர் போனோம்.

நுரையீரல் மருத்துவர் ஐம்பது வயதுக்காரர், அவசரப்படாத பெண்மணி. அம்மாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். மூச்சு உள்ளே போகும் கடைசியில், பள்ளிக்கூடப் பையின் ஒட்டும் பட்டையை மெதுவாகப் பிரிப்பதுபோல ஒரு சத்தம். என் அம்மாவுக்குள் அப்படி ஒரு சத்தம் இத்தனை நாளாக இருந்திருக்கிறது.

அடுத்தடுத்துப் பரிசோதனைகள். குழாயைக் கவ்விக்கொண்டு முழு மூச்சையும் ஊத வேண்டும். ஆறு நிமிடம் தாழ்வாரத்தில் நடக்க வேண்டும். சுருள் சுருளாகப் படமெடுக்கும் ஸ்கேனுக்குள் படுத்து மூச்சைப் பிடிக்க வேண்டும். தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னபோது, வேகமாக நடந்தால் மார்க்கு அதிகமா என்று அம்மா அங்கிருந்த நர்சிடம் கேட்டாள். உங்களுக்கு முடிந்த அளவு நடந்தால் போதும் என்றார் அவர். “அப்பறம் எதுக்குப் பரீட்சைன்னு பேரு வெச்சீங்க?” என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். நான்காவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கேன் படத்தை விளக்கு முன் வைத்து மருத்துவர் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் தேய்த்த கண்ணாடிபோல வெளுப்பு. ஓரங்களில் சில இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். நுரையீரல் என்பது கோடிக்கணக்கான சின்னக் காற்றுப் பைகள் என்றும், பைக்கும் இரத்தக் குழாய்க்கும் நடுவே மிகமிக மெல்லிய சுவர் இருக்கிறது, அதன் வழியாகத்தான் காற்று இரத்தத்துக்குள் போகிறது என்றும் சொன்னார்.

“காச்சின பால்ல படியற ஆடை மாதிரிங்களா?” என்று அம்மா கேட்டாள்.

மருத்துவர் படத்தின் வெளுப்பில் விரலை வைத்தார். “ஆமாங்கம்மா. அந்த ஆடைதான் இப்ப தடிச்சுப் போயிருக்குது.”

சீட்டில் எழுதியிருந்தது ஒரே நோயின் பெயர் இல்லை, ஒரு நோய்க் குடும்பத்தின் பெயர் என்று அவர் எனக்குத் தனியாக விளக்கினார். இடைத்திசு நுரையீரல் நோய்கள். சிலருக்கு மூட்டுவாத நோயோடு சேர்ந்து வரும். சிலருக்குச் சாப்பிட்ட மருந்தால் வரும். கல், மண் தூசியில் வேலை செய்தவர்களுக்கு வரும். பறவை, பூசணம் போன்றவற்றின் தூளை மூச்சில் இழுத்து, உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுவதாலும் வரும். சிலருக்குக் காரணமே தெரியாது. வெளுப்பு என்பது வீக்கம், அதை மருந்தால் தணிக்க முடியும். கோடு என்பது தழும்பு, அது திரும்பாது. வீக்கம் தழும்பாகும் முன் காரணத்தைப் பிடிக்க வேண்டும். இவ்வளவையும் நான் பரிசோதனைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன். கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை.

பிறகு மருத்துவர் அம்மாவிடம் கேள்விகள் கேட்டார். மூட்டு வலி? இல்லை. வாய் உலருமா? இல்லை. புறா, கோழி வளர்க்கிறீர்களா? இல்லை. இறகுத் தலையணை? அம்மா சிரித்தாள். விறகடுப்பா? காஸ். வீட்டுச் சுவரில் ஈரம், பூசணம்? இந்தக் கேள்விக்கு மட்டும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நம்மூட்டுல அதெல்லாம் இல்லீங்க. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சுப் போடுவமுங்க.” அது வீட்டைப் பற்றிய கேள்வியாகவும், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாளா என்ற கேள்வியாகவுமே அவளுக்குக் கேட்டது. எனக்கும் அப்படித்தான் கேட்டது. நானும் தலையாட்டினேன். மாடு இருக்கிறது என்று இருவருமே சொன்னோம், பால் நல்லதுதானே என்பதுபோல.

நுரையீரலுக்குள் குழாய்விட்டுக் கழுவி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான்கு நாள் படுக்கவைத்தார்கள். அறை ரோட்டுப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை, ஹாரன். மருந்து எதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் இல்லை, எண் ஏறியிருந்தது. படுக்கையில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முன் பொள்ளாச்சியில் எட்டு மாதம் டைப்ரைட்டிங் படித்த கதையை எனக்குச் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் நான் கேட்டிராத கதை. போர்வையின் மேல் விரல்களை வைத்து, பார்க்காமல் என் பெயரை அடித்துக் காட்டினாள். ஒரு எழுத்தும் தப்பவில்லை என்றாள். எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குத்தான் நோட்டைத் திறந்து அந்த அடிக்கோடு போட்ட வரியை அடித்துவிட்டேன். மலைக்காற்றில் குணமானது சரி. பஸ் புகையிலும் குணமாகிறதே. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருப்பது காற்று இல்லை. இரண்டும் எங்கள் வீடு இல்லை, அதுதான் பொது.

வேலையில் ஒரு கருவி தவறாகக் காட்டினால், அது பொருத்தியிருக்கும் இடத்துக்குப் போய், அதைச் சுற்றி நடப்பதை ஒரு முழு ஷிப்ட் பார்த்து எழுதுவோம். ஊர் திரும்பியதும் ஒரு நாள் லீவு போட்டு, விடிகாலையில் நோட்டும் கைக்கடிகாரமுமாக அம்மாவின் பின்னால் நடந்தேன். என்ன அம்மிணி, சம்பளம் போட்டுத் தரப்போறயா என்று கேட்டாள். நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

4.50 சாளை கூட்டுதல், சாணி அள்ளுதல்.
5.10 தண்ணீர் காட்டுதல்.
5.20 மடி கழுவுதல், கறவை.
6.05 பால் சொசைட்டிக்குப் போய்வருதல்.
6.40 வைக்கோல் உதறுதல்.

ஐந்தாவது வரிக்குக் கீழே அடுத்த வேலையை எழுதவில்லை. எழுத மறந்து நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் முதல் போகம் மழை விடாத நாளில் அறுப்பாகும். வைக்கோல் நனைந்தபடியே மிஷினில் கட்டாகும். வாங்கி அடுக்கிய கட்டுகளின் நடுவில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கும். இரண்டாம் போகத்து வைக்கோல் வெயிலில் காய்ந்து வரும், அதில் இந்தத் தொல்லை கிடையாது. கோடைவரை இந்த முதல் போகத்துக் கட்டுகளைத்தான் பிரிக்க வேண்டும். அம்மா அதை அப்படியே மாட்டுக்குப் போடமாட்டாள். ஒவ்வொரு பிடியாக எடுத்து, முகத்துக்கு நேரே தூக்கி, இரண்டு கையாலும் உதறி, பூசணம் போனதா என்று கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, பிறகுதான் போடுவாள். சாரல் அடிக்காமலிருக்க அந்த மூலையைத் தார்ப்பாயால் மூன்று பக்கமும் மூடியிருந்தோம். தார்ப்பாயின் கிழிசல் வழியாக ஒரு கோடு வெயில் உள்ளே விழுந்தது. அந்தக் கோடு முழுக்கத் தூள், புகைபோல எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே அம்மாவின் முகம்.

மூன்றாவது வருடம் இருமல் ஏன் போகவில்லை என்பதும் அங்கேயே தெரிந்தது. அந்த வருடம் இரண்டாம் போகம் சரியாக விளையவில்லை. சித்திரை தாண்டியும் பழைய கட்டுகளே ஓடின.

அடுத்த முறை மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் ஐந்தாவது வரியில் பேனாவை வைத்துவிட்டு, ஏன் உதறுகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார்.

“பூசணத்தோட தின்னா மாட்டுக்குக் கழிச்சல் புடிச்சுக்குமுங்க. பாலும் கொறஞ்சு போயிருமுங்க.”

“மாட்டுக்கு ஆகாதுன்னு தெரியுது. உங்களுக்கு மட்டும் ஆகுமாங்கம்மா?”

“நான் அதத் திங்கலீங்களே” என்றாள் அம்மா.

மருத்துவர் சிரிக்கவில்லை. தின்றால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை என்றார். கழுவி எடுத்ததன் முடிவும், இரத்தப் பரிசோதனையும், படமும், என் நோட்டும் ஒரே பக்கம் கைகாட்டின. வைக்கோல் பூசணத்தால் வரும் ஒவ்வாமை அழற்சி. உலகம் முழுக்க மாடு வைத்திருப்பவர்களுக்கு வருவதுதான் என்றார். சிகிச்சையை அவர் சொன்ன வரிசையில் எழுதினேன். முதல் மருந்து, வைக்கோலை விட்டு விலகுவது. இரண்டாவது, வீக்கம் தணிய ஸ்டீராய்டு மாத்திரை, மாதாமாதம் குறைத்து நிறுத்துவது, நம் இஷ்டத்துக்குச் சட்டென்று நிறுத்தக் கூடாது. சர்க்கரையும் எலும்பும் கண்ணும் பார்த்துக்கொள்வது. மூன்றாவது, தடுப்பூசிகள். நான்காவது, தினமும் நடை, மூச்சுப் பயிற்சி. இவ்வளவுக்கும் மேல் தழும்பு வளர்ந்துகொண்டே போனால், அதை மெதுவாக்கும் வேறு மாத்திரை இருக்கிறது, அப்போது பார்க்கலாம். முதலாவதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது என்றார்.

 திரும்பும் பஸ்ஸில் கிணத்துக்கடவு தாண்டியதும், மாட்டை விற்கச் சொல்கிறாரா அந்த டாக்டரம்மா என்று அம்மா கேட்டாள். வைக்கோல் பக்கம் போகக் கூடாது என்றுதான் சொன்னார் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். தீவனம் போடுவது அப்பா. கறவைக்கு மட்டும் அம்மா, முகக்கவசத்தோடு. மாத்திரையால் முகம் வட்டமாக ஊதியது. ராத்தூக்கம் போனது, பசி எடுத்தது, கோபம் வந்தது. ஆனால் இருமல் அடங்கியது. இரண்டாம் மாதம் தாழ்வாரத்தில் ஆறு நிமிடமும் நிற்காமல் நடந்தாள். அன்றைக்குப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நேராக வீட்டுக்குப் போகாமல், அவள் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த தெருவுக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே இப்போது செல்போன் ரிப்பேர் கடை. மாடிப்படி மட்டும் அதேதான் என்றாள். முதல் படியில் ஏறி நின்று, இறங்கிவந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நின்றோம். அவ்வளவு நிம்மதியாக ஒரு மணி நேரம் நாங்கள் நின்றதே இல்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் திடீரென்று பெருமழை. அப்பா தோப்பில், நான் வேலையில். வைக்கோல் அடுக்கின்மேல் இருந்த தார்ப்பாய் பறந்துவிட்டது. அம்மா போய்க் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே போட்டாள். நனைந்ததைப் பிரித்து உதறிக் காயவும் வைத்தாள். எங்களிடம் சொல்லவில்லை. அன்று இரவு எண் இறங்கியிருந்தது. விரல் ஈரம் என்றாள். துடைத்துத் தேய்த்து மறுபடி மாட்டினேன். அதே எண். நெற்றியைத் தொட்டேன், சூடு.

 எனக்குச் சண்டை போட வராது. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

“அத்தன கட்டும் நனைஞ்சு போனா மாடு என்னத்தத் திங்கும்? பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? என்னால முடியாது அம்மிணி. சாளைக்குள்ள மாடு நிக்கறவரைக்கும் என்னால முடியாது.”

தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கவசமோ, அப்பா தீவனம் போடுவதோ, என் நோட்டோ அவளை நிறுத்தாது என்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டு, நாலு மாட்டையும் ஒரே இடத்துக்குக் கொடுக்க ஆள் பார்க்கச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். விற்கச் சொன்னது நான் இல்லை என்று தலையசைத்தேன்.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. மாத்திரை நின்றுவிட்டது. வெளுப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஓரத்துக் கோடுகள் அப்படியே இருக்கின்றன, கூடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊதிப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அப்பாவும் அம்மாவுமே பைக்கில் மீனாட்சிபுரம்வரை போய், அங்கிருந்து ரயிலில் போய்வருகிறார்கள். அம்மாவுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சமதரையில் என்னைவிட வேகமாக நடப்பாள். சாளையை இடித்துவிட்டுக் கறிவேப்பிலையும் மிளகாயும் வைத்தோம். விடிகாலை ஐந்துக்கு எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது.

மாடுகள் போன நாளில், வாங்க வந்தவர் கோபாலபுரம் பக்கத்துப் பெண்மணி, அம்மாவைவிடப் பத்து வயது இளையவர், ஏற்கெனவே ஆறு மாடு வைத்திருப்பவர். அம்மா வாசலில் நாற்காலி போட்டு, சாளையிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தாள். செவலைப் பசுவை இடது பக்கம் நின்று கறந்தால் உதைக்கும், கறுப்புக்குத் தவிடு கொஞ்சம் புளித்தால்தான் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழவில்லை. கடைசியாக, வைக்கோலை உதறிப் போடாதீர்கள், தண்ணீர் தெளித்துப் போடுங்கள், பூசணம் பிடித்த கட்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள் என்றாள்.

“அதெப்படீங்க்கா? காலங்காலமா ஒதறித்தானுங்க போடறம்” என்று அவர் சிரித்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அந்தப் படத்தை எடுத்துட்டு வா.”

கொண்டுவந்தேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, ஸ்கேன் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இது நெஞ்சு, இது காற்று இருக்க வேண்டிய இடம், இந்த வெள்ளை முழுக்க உதறினது என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இந்த வெள்ளை போகுமுங்களா?”

“கொஞ்சம் போயிருச்சு. மீதி போகாது” என்றாள் அம்மா.

 டெம்போவுக்குள் மாடு வழுக்காமலிருக்க வைக்கோல் விரித்திருந்தார்கள். அவர் எங்களிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி, முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் முழுக்கத் தெளித்தார். அது நனைந்து அடங்கிய பிறகுதான் மாடுகளை ஏற்றச் சொன்னார்.